ஐம்பது டொலர் மூஸ்: தெமாகமி ஏரியின் வேட்டைக் காலம்

ஒக்டோபர் பிறந்தால் எங்கட வட்ஸ்அப் குழுக்களுக்குக் கனடாவிலிருந்து படங்கள் வரத் தொடங்கும். சிவந்த மேப்பிள் இலைகள், ஆடாத ஏரி, ஏரியில் ஒரு கனூ, அதுக்குள்ள லைஃப் ஜக்கெற் போட்ட மச்சான். 'இங்க மனுசரே இல்லை, சுத்தமான காடு' என்று கூடவே ஒரு குரல்பதிவும் வரும். பார்க்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் அந்த 'மனுசரே இல்லை' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மனுசர் இல்லாத காடு எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்ல ஒன்ராறியோவின் ஒரு ஏரியே போதும்.

அந்த ஏரியின் பெயர் தெமாகமி. ரொறொன்ரோவிலிருந்து வடக்கே 400 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஏரிக்குள்ளேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள். சுற்றிவர இன்னும் எத்தனையோ ஏரிகள், ஆறுகள், பைன் காடுகள். இன்று உலகெங்குமிருந்து கனூ ஓட்டுபவர்கள் தேடி வரும் இடம். நூறு வருசத்துக்கு முன்னரும் அப்படித்தான். அப்போது அவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்னர் அங்கே இருந்தவர்களைப் பற்றி முதலில் கதைப்போம். தெமே-ஔகமா அனிஷ்னாபே என்பது அந்த மக்களின் பெயர். 'கரையோர ஆழ்நீரின் மக்கள்' என்று பொருள் சொல்லலாம். தங்கள் நிலத்தை அவர்கள் 'ந்தாக்கி மெனான்' என்கிறார்கள். 'எங்கட நிலம்' என்பதுதான் அதன் அர்த்தம். சுமார் 10,000 சதுர கிலோமீற்றர் பரப்பு. எங்கட வடக்கு மாகாணத்தைவிடப் பெரியது.

கோடையில் பல குடும்பங்கள் பெரிய ஏரியின் கரையில் ஒன்றாகக் கூடும். மீன்பிடி, கலியாணப் பேச்சு, ஊர்க்கதை எல்லாம் அப்போதுதான். இலை சிவக்கத் தொடங்க, ஒவ்வொரு குடும்பமும் தன் கனூவில் சாமான் ஏற்றிக்கொண்டு தன் வேட்டை நிலத்துக்குப் புறப்படும். இந்தப் பயணத்துக்கு ஒரு கெடு இருந்தது. நவம்பரில் ஏரி உறையத் தொடங்கும். பனிக்கட்டி மெலிதாக இருக்கும் அந்த வாரங்களில் கனூவும் ஓடாது, அதன்மேல் நடக்கவும் முடியாது. அதற்கு முதல் குடும்பம் முழுவதும் குளிர்கால இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு இறைச்சியும் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் இலையுதிர்கால வேட்டை என்பது பொழுதுபோக்கே கிடையாது. தை, மாசியில் பிள்ளைகள் சாப்பிடுவார்களா இல்லையா என்பதை அந்தச் சில கிழமைகள்தான் தீர்மானித்தன.

கனூவும் அந்தக் காட்டிலிருந்தே வந்தது. பேர்ச் மரத்தின் பட்டையை உரித்து எடுத்து, சீடர் மரச் சட்டங்களை உள்ளே வளைத்து வைத்து, ஸ்புரூஸ் மர வேரால் தைத்து, பொருத்துகளை மரப்பிசினால் அடைத்துச் செய்வார்கள். ஆணி ஒன்றும் இல்லை. ஒரு ஆள் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையால் நடக்கலாம். உடைந்தால் கரையிலேயே உட்கார்ந்து திருத்தலாம். ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் நிலம் குறுக்கிடும் அந்த நாட்டில், இப்படியொரு வள்ளம் இல்லாமல் வாழ்க்கையே இல்லை.

அந்தக் காலத்தின் பெரிய வேட்டை மூஸ். மான் இனத்தில் மிகப் பெரியது இதுதான். வளர்ந்த ஆண் மூஸ் 400, 500 கிலோ வரும். செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் தொடக்கமும் அவற்றின் இணைசேரும் காலம். வேட்டைக்காரர் பேர்ச் பட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஒரு ஊதுகுழல் செய்வார். காற்று விழுந்த அதிகாலையிலோ மாலையிலோ அதை வாயில் வைத்து, பெண் மூஸைப் போல நீளமாகக் குரல் கொடுப்பார். குழலில் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றுவதும் உண்டு. பெண் மூஸ் தண்ணீருக்குள் நிற்கிறது என்று தூரத்தில் இருக்கும் ஆண் நம்ப வேண்டும். கனூவில் இருப்பவர் துடுப்பைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே வலிப்பார். துடுப்பிலிருந்து சொட்டும் துளியின் சத்தம்கூடக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

விழுந்த மூஸில் எதுவும் வீணாகாது. இறைச்சியைக் கீற்றுகளாக வெட்டிப் புகையில் காயவைப்பார்கள். தோலில் சப்பாத்தும், பதப்படுத்தாத தோல் வாரில் பனிச்சப்பாத்தின் பின்னலும் வரும். கனூ ஓய்ந்த பிறகு அந்தப் பனிச்சப்பாத்துத்தான் குடும்பத்தின் கால்கள். ஒரு பருவத்தின் வேட்டை அடுத்த பருவத்தின் நடையைத் தந்தது.

1913இல் ஃபிராங்க் ஸ்பெக் என்ற அமெரிக்க மானுடவியலாளர் தெமாகமிக்குப் போனார். 'வேட்டைச் சமூகங்களுக்கு நிலவுடைமை கிடையாது. திரிந்து பிடிப்பதுதான் அவர்களின் வாழ்க்கை' என்பது அக்காலப் படித்தவர்களின் பொது நம்பிக்கை. ஸ்பெக் கண்டது வேறு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல நூறு சதுர கிலோமீற்றர் வேட்டை நிலம் இருந்தது. ஆறும் மலைமுகடும் ஏரியும் எல்லைகள். அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட அனுமதி கேட்க வேண்டும். சிலர் தங்கள் நிலத்தை நான்காகப் பிரித்து, ஒரு வருசம் ஒரு பகுதியில் மட்டும் வேட்டையாடி, மற்றவற்றை விட்டுவைத்தார்கள். நடுவில் ஒரு பகுதியைப் பஞ்ச காலத்துக்கென்று தொடாமலே வைத்திருந்தார்கள். ஒரு பீவர் வளையில் எத்தனை இருக்கின்றன, எத்தனையை எடுக்கலாம் என்ற கணக்கும் இருந்தது. பெருகியதை எடுப்பது, முதலை விடுவது. எங்கட ஊரில் விதைநெல்லைச் சாப்பிடாத மாதிரி.

இந்தக் குடும்ப எல்லைகள் மிகப் பழையவையா, ஐரோப்பியரின் தோல் வியாபாரம் வந்த பிறகு உருவானவையா என்று பிறகு மானுடவியலாளர்கள் நிறையச் சண்டை பிடித்தார்கள். 1950களில் எலினோர் லீகொக் வேறு பகுதிகளின் சான்றுகளைக் கொண்டு இரண்டாவது பக்கம் நின்று வாதாடினார். அந்த விவாதம் முக்கியமானதுதான். ஆனால் எங்கட கேள்விக்கு ஒரு விசயம் போதும்: வெளியார் கூட்டமாக வந்து இறங்கியபோது அது யாருமற்ற காடாக இருக்கவில்லை. எல்லை போட்டு, கணக்கு வைத்து வாழ்ந்த குடும்பங்களின் நிலமாக இருந்தது.

வெளியாரைக் கூட்டமாகக் கொண்டுவந்தது ரயில். 1904 அளவில் வடக்கு நோக்கிய பாதை தெமாகமியைத் தொட்டது. பின்னாலேயே ஹொட்டேல்கள், நீராவிப் படகுகள், விளம்பரப் பிரசுரங்கள் எல்லாம் வந்தன. நியூயோர்க்கிலும் ரொறொன்ரோவிலும் இருந்த வசதியான ஆண்கள், நகர வாழ்க்கையில் தங்கள் ஆண்மை மழுங்கிப்போகிறது என்று கவலைப்பட்ட காலம் அது. இரண்டு மூன்று கிழமை காட்டில் கூடாரம் போட்டு, ஒரு மூஸின் கொம்பை வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோனால் அந்தக் கவலை தீரும் என்று நம்பினார்கள். மகன்மாருக்குக் கோடைகாலக் கனூ முகாம்களும் தொடங்கின.

ஆனால் அந்தக் கனவான்களுக்கு வழி தெரியாது. மூஸைக் கூப்பிடவும் தெரியாது. அதனால் தீவுகளில் ஒன்றான பெயார் ஐலண்டில் வாழ்ந்த அனிஷ்னாபே ஆண்களை வழிகாட்டிகளாகக் கூலிக்குப் பிடித்தார்கள். வழிகாட்டி என்றால் கை நீட்டிப் பாதை காட்டுபவர் மட்டுமல்ல. கனூவை வலிப்பவர் அவர், தூக்கிச் சுமப்பவர் அவர், கூடாரம் அடிப்பவர், சமைப்பவர், மூஸைக் கூப்பிட்டுத் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துபவர் எல்லாம் அவர்தான். கனவான் விசையை அழுத்துவார். பிறகு படத்தில் கொம்புக்குப் பக்கத்தில் அவர் நிற்பார்.

வழிகாட்டிகளின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அது காசு வரும் வேலை. தோல் விலை ஏறி இறங்கிய காலத்தில் அந்தக் கூலி குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது. தங்கள் அறிவை விலைபேசி விற்கத் தெரிந்த தொழிலாளிகளாகவும் அவர்களைப் பார்க்கலாம். பாவப்பட்டவர்களாக மட்டும் பார்த்தால் அது இன்னொரு அவமரியாதை. பிரச்சினை கூலி வேலையில் இல்லை. அந்த வேலை யாருடைய நிலத்தில் நடந்தது, அந்த நிலத்தின் காசு யாருக்குப் போனது என்பதில்தான் இருக்கிறது.

அரசாங்கத்தோடான கதை இன்னும் பழையது. 1850இல் பிரித்தானிய முடியரசு ஹூரோன் ஏரிப் பகுதி முதற்குடிகளோடு ரொபின்சன்-ஹூரோன் உடன்படிக்கையைச் செய்தது. நிலத்தைக் கொடுத்தாலும் வேட்டையும் மீன்பிடியும் தொடரலாம் என்று அதில் எழுதப்பட்டது. தாங்கள் அதில் ஒப்பமிடவே இல்லை என்பது தெமாகமி மக்களின் நிலைப்பாடு. மரம் வெட்டுவோர் நெருங்கி வருவதைக் கண்ட தலைவர் இக்னஸ் தொனெனே, 1870களின் கடைசியிலிருந்து தன் மக்களுக்கென ஒரு காப்பு நிலம் கேட்டார். 1880களில் ஏரியின் தென்பகுதியில் சுமார் 100 சதுர மைல் அளந்தும் பார்க்கப்பட்டது. ஆனால் காணி மாகாண அரசின் கையில் இருந்தது. அங்கே நின்ற பைன் மரங்களுக்கு நல்ல விலை. மாகாணம் கொடுக்கவில்லை.

1901இல் அதே மாகாணம் அந்த நிலத்தைத் 'தெமாகமி வன ஒதுக்கம்' என்று அறிவித்தது. முதலில் 2,200 சதுர மைல். 1903இல் 5,900 சதுர மைலாகப் பெருப்பித்தார்கள். 100 சதுர மைல் கொடுக்க முடியாத அரசாங்கத்துக்கு 5,900 சதுர மைலை ஒதுக்க முடிந்தது. ஒதுக்கம் என்றவுடன் மரங்களைக் காப்பாற்றத்தான் என்று நினைத்துவிடக்கூடாது. பிறகு வெட்டி விற்பதற்காகப் பைனைப் பாதுகாப்பதே அதன் நோக்கம். சுரங்கம் தோண்டத் தடையில்லை, ரயிலுக்குத் தடையில்லை, உல்லாசப் பயணிகளுக்கும் தடையில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் வீடு கட்டவும் விறகு வெட்டவும்கூட அனுமதி தேவைப்பட்டது. வேட்டைச் சட்டங்களும் இறுகின. தகப்பன் வழி வந்த நிலத்தில், பசிக்கு, தவறான மாதத்தில் ஒரு மிருகத்தைச் சுட்டவர் களவு வேட்டைக்காரர் ஆனார். சீட்டு வாங்கிக் கொம்புக்காகச் சுட்டவர் 'ஸ்போர்ட்ஸ்மன்' ஆனார்.

ஸ்பெக்கிடம் இதையெல்லாம் விளக்கியவர் தெமாகமியின் தலைவர்களில் ஒருவரான அலெக் போல். அவர் சொன்னதை ஸ்பெக் பதிவுசெய்து வைத்தார். அதன் சாரம் இது: நாங்கள் எங்கட மிருகங்களைக் கணக்குப் பார்த்து வளர்த்தோம், வந்தவர்கள் இனப்பெருக்கத்துக்குக்கூட மிச்சம் வைக்காமல் கொன்றார்கள், இப்போது சட்டம் எங்களுக்கே பாதுகாப்பைப் படிப்பிக்கிறது. அதோடு ஒரு கேள்வியும் கேட்டார். எங்களில் ஒருவர் கடல் தாண்டி உங்கட பழைய நாட்டுக்குப் போய், அங்குள்ளவர்களின் சொந்த நிலத்தில் அவர்களே வேட்டையாட அவர்களுக்கே அனுமதிச்சீட்டு விற்றால் பொறுப்பார்களா? அரசாங்கம் எங்கட மூஸை ஐம்பது டொலர் சீட்டுக்கு விற்கிறது. அதில் எங்களுக்கு ஒரு சதமும் இல்லை என்றார்.

அந்தக் கேள்விக்கு மேல் நாங்கள் சேர்க்க ஒன்றுமில்லை. நிலவுரிமை பற்றிய எத்தனையோ தடித்த புத்தகங்கள் சொல்ல முயல்வதை அவர் ஒரு அனுமதிச்சீட்டை வைத்தே சொல்லிவிட்டார்.

இதே காலத்தில், இதே ஏரியில் இன்னொருவரும் இருந்தார். ஆர்ச்சி பெலானி. இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரில் 1888இல் பிறந்து, 1907 அளவில் தெமாகமிக்கு வந்த இளைஞர். பெயார் ஐலண்டில் அனிஷ்னாபே பெண்ணான ஏஞ்சல் எக்வுனாவை 1910இல் கலியாணம் செய்தார். கனூவும் காடும் அவருக்குப் பழகியது அந்தச் சமூகத்திடம். பிறகு அந்தக் குடும்பத்தை விட்டுப்போய், 'கிரே அவுல்' என்ற பெயரில், தானே ஒரு முதற்குடி மனிதன் என்று சொல்லிக்கொண்டு, காட்டையும் பீவரையும் காப்பாற்றச் சொல்லிப் புத்தகங்கள் எழுதி உலகப் புகழ் பெற்றார். 1938இல் இறந்த பிறகுதான் உண்மை வெளியில் வந்தது. அவர் சொன்ன கருத்துகளில் நல்லவை நிறைய உண்டு. ஆனால் அலெக் போல் தன் சொந்தப் பெயரில் சொன்னது ஒரு அரசாங்க வெளியீட்டின் பக்கங்களுக்குள் கிடக்க, அதே அறிவைக் கடன்வாங்கி வேசம் போட்டவரின் குரலை உலகம் கேட்டது.

பெயார் ஐலண்டை 1943இல்தான் மத்திய அரசு மாகாணத்திடமிருந்து வாங்கியது. அது சட்டப்படி காப்பு நிலமானது 1971இல். பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல். தொனெனே கேட்டதில் நூறில் ஒரு பங்கு.

ஆனாலும் அவர்கள் கேட்பதை விடவில்லை. 1973இல் அவர்கள் புனிதமாகக் கருதும் மேப்பிள் மவுண்டன் மலையில் பெரிய உல்லாச விடுதி கட்ட மாகாணம் திட்டம் போட்டது. இளம் தலைவர் கேரி பொட்ஸ் 110 நகரியங்களின் காணிப் பதிவில் 'எச்சரிக்கை' பதியவைத்தார். உரிமை பற்றிய வழக்கு முடியும்வரை அங்கே யாரும் காணி வாங்கி விற்க முடியாது என்பது அதன் பொருள். இருபது வருசத்துக்கும் மேல் அது நின்றது. விடுதியும் வரவில்லை. 1988இல் மரம் வெட்டும் பாதையை மறித்து மக்கள் உட்கார்ந்தார்கள். 1989இல் சூழலியலாளர்களும் தனியாக மறியல் செய்தார்கள். அதில் கைதானவர்களில் ஒருவர் பொப் ரே. அடுத்த வருசம் அவர் ஒன்ராறியோவின் முதல்வரானார்.

இந்த இரண்டு மறியல்களும் ஒரே பாதையில் நடந்தாலும் ஒரே கோரிக்கை அல்ல. சூழலியலாளர்கள் காக்க வந்தது மனிதர் தொடாத 'காட்டுவெளி'யை. அனிஷ்னாபே மக்கள் காக்க வந்தது தாங்கள் தொட்டு, நடந்து, வேட்டையாடி வாழ்ந்த வீட்டை. நல்ல மனதோடு வருபவர்கள்கூட 'இங்கே யாரும் இல்லை' என்ற பழைய கற்பனையோடு வரலாம்.

1991இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்களோ இல்லையோ, பிறகு ஆண்டுப்பணமும் காப்பு நிலமும் ஏற்றுக்கொண்டதால் நில உரிமை போய்விட்டது என்றது. அதே தீர்ப்பில், முடியரசு இந்த மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை மீறியது என்றும் ஏற்றுக்கொண்டது. வழக்கில் தோற்றார்கள், அநியாயம் நடந்ததென்பது எழுத்தில் வந்தது. இப்படியொரு தீர்ப்பை வாசிக்கும்போது எங்கட நாட்டில் வளர்ந்த யாருக்கும் ஒரு பழக்கப்பட்ட கசப்பு வரும்.

கசப்போடு ஒரு தொடர்பும் இருக்கிறது. தெமாகமி ஒதுக்கம் பிறந்த அதே ஆண்டுகளில், அதே பேரரசின் கீழ், இலங்கையில் யால 1900இல் வேட்டை விலங்குச் சரணாலயமானது. அதோடு ஒட்டியிருந்த ஒரு பகுதியின் பெயரே 'உள்ளூர் விளையாட்டு வேட்டைக்காரர் ஒதுக்கம்'. கனவானுக்கு ஒதுக்கம், குடியானவனுக்குத் தடை என்ற அதே அச்சு. அந்த அச்சு சுதந்திரத்துக்குப் பிறகும் உடையவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது வேடர் குடும்பங்கள் தங்கள் வேட்டைக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. தம்பானையின் தலைவர் திசாஹாமி போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். அந்தப் பெயரைப் பாடப்புத்தகத்தில் ஒரு விநோதமாகப் படித்தோமே தவிர, ஒரு காணிப் பிரச்சினையாக எங்களில் எத்தனை பேர் படித்தோம்?

இனி அந்த வட்ஸ்அப் படத்துக்கு வருவோம். தெமாகமியில் இன்று 2,000 கிலோமீற்றருக்கும் மேலான கனூப் பாதைகள் இருக்கின்றன. ஒரு ஏரியிலிருந்து கரையேறி, கனூவைத் தலையில் கவிழ்த்து, காட்டுப்பாதையால் நடந்து அடுத்த ஏரியில் இறங்கலாம். அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அனிஷ்னாபே மொழியில் அவற்றுக்கு 'நாஸ்தவ்கன்' என்று பெயர். கோடையும் குளிரும் குடும்பங்கள் நடந்த வழிகளின் வலைப்பின்னல். கிரெய்க் மக்டொனால்ட் என்பவர் மூத்தவர்களிடம் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, பழைய பெயர்களோடு அவற்றை 1985இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார். 'மனுசரே இல்லாத' காட்டில் மச்சான் நடக்கும் பாதை, மனுசர் நடந்து நடந்து போட்ட பாதை.

எங்கட சனத்தில் நிறையப் பேர் காணியை விட்டு ஓடித்தான் கனடா போய்ச் சேர்ந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வேலி போட்ட காணியை வெளியே நின்று பார்த்த அனுபவம் இங்கே இருக்கிறவர்களுக்கும் உண்டு. எங்கட வீட்டை ஒருவர் வெறும் காடென்று சொன்னால் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அதனால் மச்சானிடம் கனூ ஓட்டவேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஓட்டட்டும், படமும் அனுப்பட்டும். அடுத்த ஒக்டோபரில் படம் வரும்போது நாங்கள் ஒன்றை மட்டும் கேட்கப்போகிறோம்: 'வடிவா இருக்கு. அது ஆற்ற இடம்?'